வசைச்சொல் வடிகட்டி: எதைத் தேர்வது, எதை இயந்திரத்திடம் விடாதிருப்பது

இணைய விவாதத் தளம் ஒன்றில் வசைச்சொற்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று முடிவெடுத்தவுடன், அதை நடத்துவோர் முதலில் தேடுவது துல்லியமான வடிகட்டி ஒன்றைத்தான். சொற்பட்டியலா, இயந்திரக் கற்றல் வழி இயங்கும் மதிப்பெண் முறையா, பின்னூட்டங்களைப் படித்து ஏற்கவோ நீக்கவோ செய்யும் மனித மட்டுறுத்துநரா, வாசகர் புகாரா என்று தெரிவுகள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் எத்தனை வசைகளைப் பிடிக்கும், எத்தனையைத் தவறவிடும் என்று ஒப்பிடப்படுகிறது. எழுதுபவர்களின் எரிச்சலோ பெரும்பாலும் வேறோர் இடத்தில் பிறக்கிறது. பின்னூட்டம் ஐயத்துக்கு உள்ளானதைக் கூட அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அந்தக் கணமே அது காணாமற்போவதும், எந்தச் சொல்லால் போனது என்று யாரும் சொல்லாததும், முறையிட வழியில்லாததுமே அவர்களைத் தளத்தை விட்டு விரட்டுகின்றன. ஆகவே இந்த ஒப்பீட்டில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறேன்: வசையை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்பது ஒன்று, கண்டபின் என்ன செய்வது என்பது மற்றொன்று. பல கருவிகள் இவ்விரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிவைத்திருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் தேர்வு வெகுவாக எளிதாகிறது.

சொற்பட்டியலிலிருந்து தொடங்கலாம், மிகப் பழைய முறை, மலிவான முறை, இன்றும் பரவலாகப் பயன்படும் முறை. தடைசெய்யப்பட்ட எழுத்துத் தொடர்கள் பின்னூட்டத்தில் எங்கேனும் உள்ளனவா என்று நிரல் தேடும், இருந்தால் தடுக்கும், அவ்வளவுதான். 1995-இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல், மார்பகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஆபாசப் பட்டியலில் சேர்த்தபோது, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் தங்கள் நோயின் பெயரையே எழுத முடியாமற்போனது. எதிர்ப்பு கிளம்பியபின் நிறுவனம் பின்வாங்கியது. அடுத்த ஆண்டே, அதே சேவையில், இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரத்தார் தங்கள் ஊர்ப்பெயரைக் கொடுத்துக் கணக்குத் தொடங்க இயலவில்லை. ஏனெனில் அப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டின் நடுவே கடுமையான வசைச்சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. இவ்வகைப் பிழைக்கு இன்றளவும் ‘ஸ்கன்தோர்ப் சிக்கல்’ என்றே பெயர். கால் நூற்றாண்டு கழித்து, 2021-இல், பெயரின் பிற்பகுதி ஆங்கில வசைபோல ஒலிக்கும், இங்கிலாந்தின் பிளிமத் ஹோ என்ற கடலோரப் பகுதியைக் குறிப்பிட்ட இடுகைகளை நீக்கிவிட்டு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில் அதேபோல ஆங்கில வசையை ஒத்த பெயருள்ள, பிரான்சின் பிட்ச் என்ற ஊரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தையும் நீக்கி, சில வாரங்களுக்குப் பின் மீட்டுக்கொடுத்தது. 2020 அக்டோபரில் முதுகெலும்புள்ள விலங்குகளின் தொல்லுயிரியல் அறிஞர்கள் இணையவழி நடத்திய ஆண்டுக் கூட்டத்தில், கேள்வி கேட்கும் பகுதியில் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்த வடிகட்டி, எலும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே தடுத்தது. எலும்பைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூடியவர்கள் அவர்கள்.

இந்தக் கதைகளைச் சிரிப்பதற்காக மட்டும் பகிர்வது வழக்கம். தேர்வு செய்பவருக்கு இவை சொல்லும் செய்தி வேறு: பட்டியல் எந்தத் துறையையும் அறியாது, எந்த ஊரையும் அறியாது, அதைத் தயாரித்தவரின் கற்பனை எட்டிய எல்லை வரையில்தான் அது செல்லும். ஆயத்தப் பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ இறக்கி அப்படியே பொருத்துவதைவிட, தளத்தில் உண்மையிலேயே தொல்லை தந்த பத்து இருபது சொற்களை மட்டும் கொண்டு சொந்தமாக ஒன்று தொகுப்பது எப்போதும் மேல்.

பட்டியல் முறையிலேயே ஒரு கிளை உண்டு. சொல்லைத் தடுக்காமல், அதன் இடத்தில் ‘நாகரிகமான’ வேறொரு சொல்லை இட்டு நிரப்புவது. 2008-இல் அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற அமைப்பின் செய்தித்தளத்தில், ஓட்டப்பந்தய வீரர் டைசன் கே ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் வென்ற செய்தி, ஆங்கிலத்தில் தற்பாலினரையும் குறிக்கும் ‘கே’ என்ற அவருடைய குடும்பப் பெயர் ‘ஹோமோசெக்ஷுவல்’ என்று தானாகவே மாற்றப்பட்ட நிலையில் வெளியானது. இந்தத் தெரிவை ஒப்பீட்டில் வைத்திருக்கவே நான் விரும்பவில்லை. ஒருவர் எழுதாத சொல்லை அவர் பெயரிலேயே வெளியிடுவது தடுப்பதைவிடப் பெரிய குற்றம். நட்சத்திரக் குறியிட்டு மறைப்பது அதைவிட நேர்மையானது. வாக்கியம் எழுதியவருடையதாகவே இருக்கும், மறைக்கப்பட்டது என்பதும் வெளிப்படையாகத் தெரியும்.

தமிழில் எழுதப்படும் தளங்களுக்குப் பட்டியல் முறை இன்னும் ஒரு படி கடினம். ஆறு பெரும்பொழுதுகளில் ஒன்றான கூதிர்காலத்தின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் பிரித்தால் என்ன கிடைக்கும் என்பது தமிழ் அறிந்தவர்க்குத் தெரியும். ஸ்கன்தோர்ப்புக்கு நிகரான நம்முடைய சொந்த எடுத்துக்காட்டு அது. ‘முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் தடு’ என்று அமைப்பை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பைதான் நிரல்மொழியின் இயல்பான தேடல் நிரற்கூறு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. ஆகவே இகரக் குறியோடு சொல் முடிந்துவிட்டதாக எண்ணிக் கூதிரைத் தடுக்கும், அதே வசைச்சொல் இடைவெளிக்கு முன்னால் தனியே நின்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். குற்றமற்றதைப் பிடித்துக் குற்றமுள்ளதை விடுவது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சொல்லெல்லைக் குறியீடோ ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு தவிர வேறெதையும் சொல்லின் பகுதியாக அறியாது.

எல்லைகளைச் சரிசெய்தாலும் பொருள் சார்ந்த சிக்கல் அப்படியே நிற்கிறது. ‘மயிர்’ என்பது இன்றைய பேச்சில் வசை. திருக்குறளின் மானம் அதிகாரத்தில் 964, 969 ஆகிய இரண்டு குறள்களில் அது வருகிறது. ‘மயிரிழையில் தப்பினார்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. தோல் நோய் பற்றிப் பேசுபவர் மயிர்க்கால் என்று எழுதாமல் தப்ப முடியாது. இதைப் பட்டியலில் சேர்த்தால் குறளைத் தடுத்த தளம் என்ற பெயர் கிடைக்கும். சேர்க்காவிட்டால் நாள்தோறும் பலமுறை வசையாகவே வரும். அதோடு வேற்றுமை உருபுகளும் புணர்ச்சியும் ஒரே சொல்லைப் பல வடிவங்களாக்குகின்றன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளைச் சேர்த்தும் உள்ளிட முடியும் என்பதால், திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்கள் நிரலுக்கு வெவ்வேறாகத் தெரிகின்றன. (இந்தக் கடைசிச் சிக்கலுக்கு மட்டும் எளிய தீர்வு உண்டு: ஒப்பிடும் முன் யூனிகோடு சீராக்கம் செய்து, இரு வடிவங்களையும் ஒன்றாக்கிவிட வேண்டும். செய்யாத தளங்கள் பல.) இவற்றையெல்லாம் கடந்து வந்தாலும், தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டுபவர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டு என்று எதுவும் கிடையாது; ஒரே வசையைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள்.

இங்கேதான் பட்டியல் முறையின் அடிப்படை அநீதி தெரிகிறது. வைய வேண்டும் என்று வந்தவர், முதல் தடவை தடுக்கப்பட்டதும் நடுவே ஒரு புள்ளியையோ, பூச்சியத்தையோ, ஒத்த தோற்றமுள்ள சிரிலிக் (ரஷ்ய மொழிக்குரிய) எழுத்தையோ இட்டு மறுபடி எழுதுவார். அவருக்கு இழப்பு சில நொடிகள். நோயைப் பற்றியோ எலும்பைப் பற்றியோ எழுதியவருக்குத் தாம் எதைத் தவறாகச் செய்தோம் என்பதே விளங்காது. வாக்கியம் வாக்கியமாக நீக்கிப் பார்த்து, சலித்து, எழுதாமலே போய்விடுவார். தமக்கு யாரோ எழுதிய வசையை மேற்கோள் காட்டி உதவி கேட்பவரின் நிலை இன்னும் மோசம்; வசவு வாங்கியவரும் அவர்தான், தடுக்கப்படுபவரும் அவர்தான்.

அடுத்தது இயந்திரக் கற்றல் வழியான மதிப்பெண் முறை. இதில் சொல்லைத் தனியே பார்க்காமல், முழுப் பின்னூட்டத்துக்கும் ‘நச்சுத்தன்மை’ மதிப்பெண் ஒன்று தரப்படுகிறது. கூகுளின் ஜிக்ஸா பிரிவு 2017-இல் வெளியிட்ட பெர்ஸ்பெக்டிவ் இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. சூழலை உணரும் என்ற எதிர்பார்ப்போடு வந்த இம்முறையை, அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, வசைச்சொல்லின் எழுத்துகளிடையே ஒரு புள்ளியை இட்டாலே மதிப்பெண் சரிவதையும், ‘நீங்கள் முட்டாள் அல்ல’ என்பது போன்ற எதிர்மறை வாக்கியங்களுக்கும் உயர்ந்த மதிப்பெண் விழுவதையும் காட்டினார்கள். 2018-இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இத்தாலியின் படோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும், வெறுப்புப் பேச்சின் கடைசியில் அன்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தாலே பல வடிகட்டிகள் ஏமாறுவதைக் கண்டார்கள். கறுப்பின அமெரிக்கர்களின் ஆங்கில வழக்கில் எழுதப்பட்ட ட்வீட்டுகள் புண்படுத்துபவை என்று முத்திரை குத்தப்படும் வாய்ப்பு இரண்டு மடங்கு வரை கூடுதல் என்று 2019-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. பயிற்சித் தரவுக்கு முத்திரையிட்டவர்களின் சாய்வை, அதில் பயிலும் கணினி மாதிரி அப்படியே கற்றுக்கொள்கிறது.

சதுரங்கத்தில் நிகழ்ந்தது இம்முறையின் எல்லையை எல்லாவற்றினும் தெளிவாகக் காட்டும். 2020-இல் புகழ்பெற்ற சதுரங்க யூடியூப் அலைவரிசை ஒன்று சிறிது நேரம் முடக்கப்பட்டது, காரணம் விளக்கப்படவில்லை. கறுப்பு வெள்ளையைத் தாக்குவது பற்றிய பேச்சை இயந்திரம் இனவெறியாகக் கொண்டிருக்குமோ என்ற ஐயத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து சதுரங்க அலைவரிசைகளின் 6,80,000-க்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் மென்பொருள்களில் ஓட்டினார்கள். வெறுப்புப் பேச்சு என்று குறிக்கப்பட்டவற்றுள் 1,000 பின்னூட்டங்களைக் கையால் படித்துப் பார்த்ததில் 82 விழுக்காட்டில் வெளிப்படையான இனவெறி எதுவும் இல்லை.

இந்த 82 விழுக்காடு சிலருக்கு நம்ப முடியாததாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் வியப்பு நீங்கும். ஒரு தளத்தில் 10,000 பின்னூட்டங்கள் வருகின்றன என்றும், அவற்றுள் 100 மட்டுமே வசை என்றும், வடிகட்டி வசைகளில் 95 விழுக்காட்டைப் பிடித்து, நல்லவற்றில் 5 விழுக்காட்டை மட்டுமே தவறாகப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் இது மிகச் சிறந்த வடிகட்டி. ஆனால் பிடிபடுபவை 95 வசைகளும் 495 நல்ல பின்னூட்டங்களும். அதாவது தடுக்கப்பட்ட ஆறில் ஐந்து குற்றமற்றவை. மரியாதையான தளத்தில் வசை அரிது என்பதாலேயே, தளம் எவ்வளவு மரியாதையானதோ அவ்வளவுக்கு அதன் வடிகட்டி அநியாயமாக நடந்துகொள்ளும். விற்பவர் சொல்லும் துல்லிய விழுக்காட்டை மட்டும் கேட்டு வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அமைக்கப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் இயங்கும் குளூபாட் என்ஜி என்ற தானியங்கி, விஷமத் திருத்தங்களைத் தேடி நீக்கி, கட்டுரையின் முந்தைய வடிவை மீட்கிறது. அதை உருவாக்கியவர்கள் ‘எவ்வளவு பிடிக்கலாம்’ என்று தொடங்கவில்லை. நல்ல திருத்தங்களில் எத்தனையைத் தவறாகத் தொடலாம் என்ற வரம்பை முதலில் வைத்தார்கள். அந்த வரம்பு 0.1 விழுக்காடாக இருக்கும்போது விஷமத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத்தான் பிடிக்கிறது என்பதை அவர்களே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். மீதி 60 விழுக்காடு மனிதர்களுக்கு. தமிழுக்கு இம்முறையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இந்த அடக்கத்தை இரட்டிப்பாகக் கொள்ள வேண்டியிருக்கும்; திராவிட மொழிகளில் கலப்பு நடையில் எழுதப்பட்ட யூடியூப் பின்னூட்டங்களின் ஆய்வுத் தொகுப்பில் தமிழ்–ஆங்கிலக் கலப்புக்கு ஏறத்தாழ 44,000 பின்னூட்டங்கள் உள்ளன. பயனுள்ள தொடக்கம்தான், ஆயினும் திரைப்படக் காணொளிகளின் கீழ் எழுதப்பட்ட மொழியில் பயின்ற கணினி மாதிரி, இலக்கணம் பற்றியோ மருத்துவம் பற்றியோ நடக்கும் விவாதத்தில் அதே தகுதியோடு இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மனித மட்டுறுத்தலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லாப் பின்னூட்டங்களையும் படித்தபின் வெளியிடுவது தரத்தில் ஈடற்றது, வேகத்தில் படுமோசம். சிறு தளங்களில் மட்டுமே சாத்தியம், அங்கும் படிப்பவர் ஓய்ந்துபோவார். வாசகர் புகாரைச் சார்ந்திருப்பது செலவற்றது. ஆனால் கும்பலாகச் சேர்ந்து பிடிக்காதவரைப் புகாரளித்து முடக்கும் பழக்கம் எங்கும் உண்டு. புகார் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தொட்டதும் தானாகவே மறையும்படி அமைத்தால், மட்டுறுத்தும் அதிகாரம் அந்தக் கும்பலிடம் போய்விடும். புகார், மனிதரின் பார்வையை ஓரிடத்துக்குத் திருப்புவதோடு நிற்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம். கண்டறியும் முறை எதுவாயினும், ஐயத்துக்குப் பின் தளம் செய்யக்கூடியவை பல: சொல்லாமல் நீக்கலாம், சொல்லி நீக்கலாம், மனிதர் பார்க்கும் வரை நிறுத்திவைக்கலாம், வெளியிட்டுவிட்டு மட்டுறுத்துநருக்கு மட்டும் குறித்துக் காட்டலாம், அனுப்பும் முன் எழுதியவரிடமே ‘இதை ஒருமுறை பார்க்கிறீர்களா’ என்று கேட்கலாம், அல்லது மறைப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வாசகரிடமும் விடலாம். இவற்றுள் சொல்லாமல் நீக்குவதையும், எழுதியவருக்கு மட்டும் தெரியும்படி விட்டுப் பிறரிடமிருந்து மறைப்பதையும் சாதாரண வசைக்கு எக்காரணத்துக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். விளம்பரக் குப்பையை இடும் தானியங்கிகளுக்கு எதிராக அது தந்திரமாக இருக்கலாம். மனிதருக்கு எதிராக அது ஏமாற்று.

எழுதியவரிடமே திருப்பிக் கேட்பது, எதிர்பார்ப்பைவிட நன்றாக வேலை செய்கிறது. புண்படுத்தக்கூடியதாகத் தோன்றிய மறுமொழிகளை அனுப்பும் முன் ட்விட்டர் இவ்வாறு கேட்டுப் பார்த்தது. கேட்கப்பட்டவர்களில் 34 விழுக்காட்டினர் மறுமொழியைத் திருத்தினர் அல்லது அனுப்பாமல் விட்டனர் என்றும், அதன்பின் அவர்கள் எழுதிய புண்படுத்தும் மறுமொழிகள் சராசரியாக 11 விழுக்காடு குறைந்தன என்றும் 2021-இல் அந்நிறுவனம் தெரிவித்தது. நிறுவனமே சொன்ன எண்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், இம்முறையின் பெரும் சிறப்பு வேறு: வடிகட்டி தவறும்போது இழப்பு கிட்டத்தட்ட ஏதுமில்லை. கூதிர்காலம் பற்றி எழுதியவர் ‘ஆம், இப்படியே அனுப்பு’ என்று அழுத்திவிட்டுப் போவார். மேலே கணக்கிட்ட 495 பேரும் தடுக்கப்பட்டவர்களாக இல்லாமல், ஒரு கூடுதல் சொடுக்கைச் செய்தவர்களாக மட்டும் ஆகிவிடுகிறார்கள்.

குறித்துக்காட்டும் முறைக்கு நல்ல முன்மாதிரி, ஆங்கில விக்கிப்பீடியாவில் 2009 முதல் உள்ள திருத்த வடிகட்டி. ஒவ்வொரு விதிக்கும் எச்சரிப்பதா, குறிச்சொல் இட்டு விடுவதா, தடுப்பதா என்று தனித்தனியே விளைவை வகுக்க முடிகிறது. தவறாகப் பிடிபட்டவர் அதைத் தெரிவிப்பதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. வாசகரிடம் விடும் முறைக்கு ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் பழைய சான்று. அங்கே ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் −1 முதல் 5 வரை மதிப்பு உண்டு, எந்த மதிப்புக்குக் கீழுள்ளவற்றைத் தாம் பார்க்க வேண்டாம் என்பதை வாசகரே அமைத்துக்கொள்ளலாம். வசையைக் காணச் சகியாதவரும், முழு உரையாடலையும் காண விரும்புபவரும் ஒரே தளத்தில் இருக்க இதைவிட நேரான வழி தெரியவில்லை. குறை என்னவெனில், வசையின் இலக்கானவர் தம் திரையில் மறைத்துக்கொண்டாலும் மற்றவர்கள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். தனிநபர் மீதான தாக்குதலுக்கு இது மருந்தாகாது.

ஆகவே பெரியவர்கள் கூடும், நடுத்தர அளவுள்ள, ஓரிரு மட்டுறுத்துநர்களைக் கொண்ட தளத்துக்கு என் தேர்வு இது. சொந்தமாகத் தொகுத்த சிறு பட்டியல். அதன் விளைவு எழுதியவரிடம் கேட்பது மட்டும், அதுவும் எந்தச் சொல்லால் என்பதைச் சுட்டிக்காட்டி. அப்படியே அனுப்பப்பட்டால் பின்னூட்டம் வெளியாகும், மட்டுறுத்துநருக்குக் குறிப்பு போகும். எந்தச் சூழலிலும் நல்ல பொருளே இல்லாத, மக்கள் கூட்டத்தாரை இழிவுபடுத்தும் சில சொற்களுக்கு மட்டும் நிறுத்திவைப்பு. வாசகருக்கு மறைக்கும் வசதி, அழுத்தினால் தெரியும்படி. இயந்திரக் கற்றல் மதிப்பெண்ணைப் பயன்படுத்துவதாயின், எதை முதலில் படிப்பது என்று மட்டுறுத்துநரின் வரிசையை ஒழுங்குபடுத்த மட்டும். சிறுவர்கள் கூடும் தளத்துக்கு இது போதாது. அங்கே வெளியிடும் முன் மனிதர் படிப்பதே முறை, தாமதத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுக்களில் உடலுறுப்புச் சொல் எதையும் பட்டியலில் வைக்கக் கூடாது. அங்கே புகாரும் மட்டுறுத்துநரும் போதும். மிகப் பெரிய தளங்கள் மனிதர்களால் மட்டும் சமாளிக்க முடியாதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றுக்கும் நீக்கப்பட்ட காரணத்தைச் சொல்வதிலும் முறையீட்டை மனிதரிடம் சேர்ப்பதிலும் விலக்கு அளிக்க முடியாது.

எதைத் தேர்ந்தாலும், நடைமுறைக்குக் கொண்டுவரும் முன் அந்த விதிகளைத் தளத்தின் பழைய பின்னூட்டங்களின் மீது ஓட்டிப் பார்க்கலாம். செலவில்லை, யாருக்கும் தொல்லையில்லை. பிடிபட்டவற்றை இருவர் தனித்தனியே படித்து, வசையா அல்லவா என்று குறித்து, முரண்பட்டவற்றை மட்டும் சேர்ந்து பேசினால் போதும். ஒரு சொல் பிடித்தவற்றுள் பாதிக்கு மேல் குற்றமற்றவையாக இருந்தால், அதை நிறுத்திவைப்புப் பட்டியலிலிருந்து எடுத்து, எழுதியவரிடம் கேட்கும் பட்டியலுக்கு மாற்றிவிடலாம்; ஏறத்தாழ எல்லாமே குற்றமற்றவை என்றால் அச்சொல்லை முற்றிலும் விட்டுவிடலாம். தளத்தின் பேச்சு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையை மறுபடி செய்து, பட்டியலையும் அதில் செய்த மாற்றங்களையும் தளத்தில் எழுதுபவர்கள் காணும்படி வைத்துவிட வேண்டும்.